ஒலிக் களஞ்சியமும் அதன் ஒழுங்கும்

ஒலியைப் பிடித்து வைப்பது ஒரு தொழில். பிடித்து வைத்த ஒலியை வேண்டிய கணத்தில் எடுத்து வழங்குவது வேறொரு தொழில். முன்னதை இக்காலத்தில் சிறுவரும் செய்கின்றனர். கையிலுள்ள தொலைபேசியை நீட்டினால் கோயில் மணியும், குயிலின் கூவலும், கடலின் இரைச்சலும் அதனுள் அடங்கிவிடுகின்றன. பின்னதோ இன்றும் அரிய தொழிலாகவே இருக்கின்றது. ஆயிரம் ஒலிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரிடம் அவற்றுள் ஒன்றைக் கேட்டால் அரைமணி நேரம் தேடுவார். தேடியும் கிடைக்காமல், "இங்கேதான் இருந்தது" என்று சொல்லி அமைவார். இருந்தும் எடுக்க முடியாத பொருள் இல்லாத பொருளுக்கே ஒப்பாகும்.

வானொலி கேட்போருக்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை. "சானா" என்று அறியப்பெற்ற சண்முகநாதன் இலங்கை வானொலியில் வழங்கிய "லண்டன் கந்தையா" போன்ற நாடகங்களைக் கேட்ட தலைமுறையினர் இன்றும் உளர். வானொலி நாடகத்திலே கதவு திறப்பதும், மழை பெய்வதும், வண்டி வந்து நிற்பதும் ஒலியாலேயே உணர்த்தப்படுவன. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இசைத்தட்டுகளின் காலத்தில், அவ்வொலிகள் தட்டுகளிலே பதியப்பெற்று அலமாரிகளில் இருந்தன. வேண்டிய தட்டை எடுத்து, வேண்டிய வரையில் ஊசியை இறக்கி, நடிகரின் சொல் முடியும் அதே நொடியில் ஒலியைத் திறந்து விட வேண்டும். அவ்வேலை செய்தவருக்குச் செவியைப் போலவே அலமாரியின் ஒழுங்கும் பெருந்துணையாக இருந்தது. தட்டுக்கு எண், எண்ணுக்குப் பதிவேடு, பதிவேட்டுக்கு அகரவரிசை என்னும் மூன்றும் இல்லையெனில் மழை பெய்ய வேண்டிய இடத்தில் மாட்டுவண்டி ஓடியிருக்கும்.

அன்று அலமாரியும் இசைத்தட்டும் ஊசியும் சேர்ந்து செய்த வேலையை இன்று ஒரு சிறு பெட்டி தனித்துச் செய்கின்றது. அதனைச் சாம்ப்ளர் என்பர். வெளியிலுள்ள ஓர் ஒலியை ஒலிவாங்கி மூலம் உள்வாங்கி, எண்களாக மாற்றித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒரு விசையையோ தட்டையோ தொட்டவுடன் திரும்ப ஒலிப்பது இதன் செயல். குறுந்தட்டின் தரத்தில் ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது. இவ்வாறு ஒரு நிமிட ஒலியை இரு வழிகளில் பதிந்தால் அது ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும்.

1979ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் உருவான ஃபெயர்லைட் என்னும் இயந்திரம் இவ்வகையில் முன்னோடியாகும். அதன் விலையோ பெருஞ்செல்வர்க்கும் பெரிய ஒலிப்பதிவுக்கூடங்களுக்குமே ஏற்றதாயிருந்தது. 1981இல் அமெரிக்காவில் இமுலேட்டர் வந்தது. 1988இல் ரோஜர் லின் என்பார் வடிவமைக்க, ஜப்பானிய அக்காய் நிறுவனம் எம்.பி.சி. 60 என்னும் கருவியை வெளியிட்டது. நான்கு வரிசையாக, வரிசைக்கு நான்காக, 16 றப்பர்த் தட்டுகளை உடைய இக்கருவியே பின்வந்த பலவற்றுக்கும் மாதிரியாயிற்று. அதன் நினைவகம் முதலில் ஏறத்தாழ 13 விநாடி ஒலியையே தாங்கியது. பதின்மூன்று விநாடிக்குள் அடங்கும் ஒலிகளை ஒழுங்கு செய்வது ஒரு பொருட்டன்று. எதை வைப்பது, எதை விடுவது என்பதே அந்நாளின் கவலை.

இன்று நிலை தலைகீழாகிவிட்டது. இசைக்குழுக்களின் மேடைகளிலே தாளக்காரர் நின்றுகொண்டு கோலால் தட்டும் "ரிதம் பேட்" எனப்படும் கருவியை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். ரோலண்ட் நிறுவனம் 1985இல் எட்டுத் தட்டுகளுடன் வெளியிட்ட ஒக்டபேட் என்பதன் வழிவந்தது அது. அதே நிறுவனம் 2011இல் கொணர்ந்த எஸ்.பி.டி.-எஸ்.எக்ஸ் என்னும் கருவியில் ஒன்பது தட்டுகள் உள்ளன. ஒன்பது ஒலிகள் சேர்ந்தது ஒரு தொகுதி; அத்தகைய தொகுதிகள் 100 வைக்கலாம். ஆகவே தட்டுகளுக்கு ஒதுக்கக்கூடிய இடம் 900. ஆனால் அதன் நினைவகமோ 10,000 ஒலிக்கோப்புகள் வரை ஏற்கும். களஞ்சியம் கைக்கு எட்டும் இடத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிட்டது என்பதை இக்கணக்கே காட்டுகின்றது. மேடையில் நிற்பவருக்கு ஒரு கணத்தில் எட்டுவன ஒன்பதே; எஞ்சியவற்றை எப்படி வைப்பது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு உலகம் ஒரு பொதுவிடை கண்டது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென 1983இல் மிடி என்னும் மரபு வகுக்கப்பட்டது. 1991இல் அதன்மேல் பொது மிடி என்னும் பட்டியல் ஏற்பட்டது. 128 ஒலிகள்; எட்டெட்டாகப் பதினாறு குடும்பங்கள். முதலாம் எண்ணைத் தொட்டால் எந்நாட்டுக் கருவியிலும் பியானோ ஒலிக்கும். தாளக் கருவிகளுக்குத் தனி வாய்க்கால் ஒன்று கொடுத்து, 35 முதல் 81 வரையுள்ள விசைகளில் 47 ஒலிகளை நிறுத்தினர். எங்கிருந்து எங்குச் சென்றாலும் கலைஞரின் கை தடுமாறாதிருக்க இது பெரிதும் உதவிற்று.

ஆயினும் அப்பட்டியலை யாழ்ப்பாணத்துச் செவியோடு நோக்கின் ஒரு குறை புலனாகும். 105ஆம் எண்ணில் சித்தார் இருக்கின்றது. 112இல் ஷெனாய் இருக்கின்றது. 123இல் கடலலை, 124இல் பறவை, 127இல் கைதட்டல், இறுதியாகிய 128இல் துப்பாக்கி வெடி இருக்கின்றது. நாதஸ்வரத்துக்கு இடமில்லை. தாளப் பகுதியிலோ தென்னமெரிக்க முழவுகள் பலவற்றுக்கு இடமுண்டு. தவிலுக்கு இல்லை, மிருதங்கத்துக்கு இல்லை, உடுக்குக்கும் பறைக்கும் இல்லை. பின்னாளில் இந்தியச் சந்தையை நோக்கி வந்த சில கீபோர்டுகளில் நம் கருவிகள் சில சேர்ந்தன. எனினும் உலகப் பொதுவான எண் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இனுவிலிலும் அளவெட்டியிலும் ஒலிக்கும் தவிலை, காத்தவராயன் கூத்தில் அதிரும் உடுக்கை, மரணவீட்டுச் சேமக்கலத்தையும் சங்கையும் ஒருவர் சாம்ப்ளரில் வைக்க விரும்பின், தாமே பதிய வேண்டும். தாமே பெயரிட வேண்டும். தாமே இடம் வகுக்க வேண்டும். அவர் வகுக்கும் ஒழுங்கு பிறருக்கும் விளங்குமாயின் அது ஊருக்குச் செல்வம். விளங்காதாயின் அவர் காலத்தோடு அது முடியும்.

இவ்வொழுங்கை வகுக்கும் அறிவைப் பிறநாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டிய நிலை தமிழருக்கு இல்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் அரங்கேற்று காதையின் உரையிலே தோற்கருவிகளை வரிசையாகக் கூறி, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகப் பகுக்கின்றார். தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்னும் ஐவகைப் பாகுபாடு ஒலி எதிலிருந்து பிறக்கின்றது என்பதைப் பற்றியது. இவ்வேழு வகைப் பாகுபாட்டிலோ கருவியின் தகுதியும் அது பயன்படும் வேளையும் கருதப்படுகின்றன. நாழிகையை அறிவிக்கும் பறை நாண்முழவு ஆவது பயனாலேயன்றித் தோலால் அன்று. ஒரே கருவிக்கு இரண்டு முகவரிகள் உண்டு என்பதை அப்பெரியார் உணர்ந்திருந்தார். பிறப்பால் ஒன்று, பயனால் மற்றொன்று.

கருநாடக இசையில் இதனினும் நுட்பமான ஒழுங்கு ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தாக்கள் இன்று சக்கரத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அமைந்துள்ளன. சக்கரத்தின் பெயரே அதன் எண்ணைச் சொல்லும். இந்து என்றால் சந்திரன், அது ஒன்று, நேத்திரம் என்றால் கண், அது இரண்டு, அக்கினி மூன்று, வேதம் நான்கு, பாணம் ஐந்து. பின்வந்தோர் இராகங்களின் பெயர்களையும் கடபயாதி முறைப்படி அமைத்தனர். மாயாமாளவகௌளை என்பதில் முதலெழுத்தாகிய "ம" வடமொழி வரிசையில் பகர வருக்கத்தின் ஐந்தாவது. அடுத்த "ய" தன் வரிசையில் முதலாவது. ஐந்தையும் ஒன்றையும் தலைமாற்றினால் 15. பதினைந்தென்று அறிந்தவுடன், மூன்றாம் சக்கரத்தில் மூன்றாவது என்று இடமும் தெரிந்துவிடும். தீரசங்கராபரணம் 29, அதனோடு 36 கூட்டினால் 65, அதாவது மேசகல்யாணி, இரண்டுக்கும் மத்திமம் ஒன்றே வேறுபாடு. பெயரைக் கேட்டால் எண் வரும், எண் வந்தால் இடம் வரும், இடம் வந்தால் சுரம் வரும். மருதனார்மடத்திலே 1960இல் தொடங்கி, 1975இல் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் இசை பயிலும் மாணவர் இன்றும் இக்கணக்கைக் கற்கின்றனர். சாம்ப்ளரின் மொழியிற் கூறின், அது பன்னிரண்டு தொகுதி, தொகுதிக்கு ஆறு தட்டு.

தவில் கற்பிக்கும் ஆசிரியரும் அத்தகைய வேலையையே செய்கின்றார். தவிலின் ஒரு முகத்தை விரற்கூடு அணிந்த கை தட்டுகின்றது. மறுமுகத்தைக் கழி தாக்குகின்றது. இரண்டிலும் எழும் ஒலிகளுக்கு "த", "தி", "தொம்", "நம்" எனச் சொற்கள் உண்டு. மாணவன் முதலில் வாயாற் சொல்லிப் பழகிப் பின்பே கையால் வாசிக்கின்றான். சொல்லைக் கூறியவுடன் கை தானே அவ்விடத்துக்குச் செல்கின்றது. ஒலிக்குப் பெயர் இருப்பதனாலேயே அது விரைவில் வந்து உதவுகின்றது.

இவற்றிலிருந்து பெறப்படும் முறை எளியது. சாம்ப்ளரில் உள்ள ஒவ்வோர் ஒலிக்கும் இரண்டு இடங்கள் வேண்டும். ஒன்று களஞ்சியத்தில், அதன் இனம் பற்றியது. மற்றொன்று மேடைத் தொகுதியில், அதன் பயன் பற்றியது. நாட்டு மருந்துக் கடையில் மூலிகைகளெல்லாம் பின்புறத்து அறைகளில் இனவாரியாக இருக்கும். அடிக்கடி கேட்கப்படும் சுக்கும் மிளகும் திப்பிலியும் கடைக்காரரின் கையருகே இருக்கும். இரண்டையும் ஒன்றாக்க முயல்பவர் இரண்டிலும் இடர்ப்படுவர்.

முதலில் களஞ்சியம். கணினியில் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என ஐந்து கோப்புறைகள் அமைக்கலாம். இவற்றில் அடங்காத காற்று, மழை, பறவை முதலியவற்றுக்கு இயற்கை என்றும், கிணற்றுத் துலா, புகைவண்டி, சந்தை இரைச்சல் முதலியவற்றுக்கு ஊர் என்றும் இரண்டு சேர்க்கலாம். ஏழுக்குமேல் வேண்டுவதில்லை. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் மற்றொன்று எனப் பெருக்கினால் தேடுபவர் கதவுகளைத் திறப்பதிலேயே களைத்துப் போவார்.

அடுத்தது பெயர். "நல்ல தவில்", "புதுத் தவில்", "கடைசித் தவில்" என்று பெயரிடுவோர் பலர். ஆறு மாதம் கழித்து எது நல்லது, எது கடைசி என்று அவருக்கே தெரியாது. பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் வரிசையில் பெயர் அமைதல் வேண்டும். தோல்-தவில்-தொம்-வல்-02 என்றால், தோற்கருவி, அதில் தவில், அதில் தொம் என்னும் சொல், வலிய அடி, இரண்டாம் பதிவு என்று எவரும் படித்தறியலாம். எண்ணை 2 என்று எழுதாது 02 என்று எழுதுதல் இன்றியமையாதது. இயந்திரங்கள் பல எழுத்து வரிசையையே நோக்குவதால் 1, 10, 11, 2 என அடுக்கிவிடும். முன்னே சுழியம் இருந்தால் வரிசை பிறழாது. சில கருவிகளின் சிறு திரையில் தமிழ் எழுத்துத் தோன்றாது. பெயரின் நீளத்துக்கும் எல்லையுண்டு. 1988இல் வந்த அக்காய் எஸ். 1000 என்னும் சாம்ப்ளரில் ஒரு பெயருக்குப் பன்னிரண்டு எழுத்தே இடம். அத்தகைய கருவிக்கு அதே வரிசையில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களை வகுத்து, சுருக்கத்தின் விளக்கத்தை ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

பெயரில் இத்துணைக் கண்டிப்பு ஏன் என்று வினவலாம். ஒரு தவிலின் எட்டுச் சொற்களை மெல்லிய அடி, நடுத்தர அடி, வலிய அடி என மூன்று நிலைகளில், ஒவ்வொன்றையும் இரண்டு முறை பதிந்தால் 48 கோப்புகள் உண்டாகும். விரல் தொடும் வலிமைக்கேற்ப இயந்திரம் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒலிக்கும். மெல்லத் தொட்டால் மெல்லிய தவிலும் ஓங்கித் தட்டினால் ஓங்கிய தவிலும் பேசுவது இதனாலேதான். ஒரு கருவிக்கு 48 எனில், மத்தளம், மிருதங்கம், உடுக்கு, பறை எனப் பத்துக் கருவிகளுக்கு 480. பெயரில் ஒழுங்கின்றி இவற்றை ஆள்வது இயலாது.

இனி மேடைத் தொகுதி. இங்கே இனத்தை மறந்து பயனை மட்டும் நினைத்தல் வேண்டும். இதற்கு யாழ்ப்பாணம் உலகத் தமிழருக்கு அளித்த ஒரு கருவியே நல்ல எடுத்துக்காட்டாகும். சுண்டிக்குளியிலே 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர். 247 எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அகரவரிசைப்படி அடுக்கியிருந்தால் பார்வைக்கு அழகாயிருந்திருக்கும், விரலுக்கு உதவியிராது. தட்டச்சுப் பயின்றோர் முதல் நாளில் மனனம் செய்யும் நடுவரிசையில் ய, ள, ன, க, ப, த, ம, ட என்னும் எழுத்துகள் விரல்கள் ஓய்ந்திருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. அடிக்கடி வேண்டுவது அருகில், அரிதில் வேண்டுவது தொலைவில் என்பதே அதன் நெறி. சாம்ப்ளருக்கும் அதுவே நெறியாகும்.

ஒரு பாடசாலையின் நாடக விழாவில் அரிச்சந்திர மயான காண்டம் நடைபெறுகின்றதென்று கொள்வோம். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நடிப்பால் ஈழத்து மக்கள் நெஞ்சில் நிலைத்த இசைநாடகம் அது. பாட்டுக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் உயிருள்ள கலைஞர் கையிலேயே இருக்கட்டும்; அவ்விடத்தில் இயந்திரத்துக்கு வேலையில்லை. சுடலையின் இரவைக் காட்டும் ஒலிகளை மாத்திரம் பதினாறு தட்டுகளையுடைய சாம்ப்ளர் ஏற்கட்டும்.

அடிவரிசை நான்கும் கையருகே இருப்பன. அங்கே காட்சிமாற்றத்துக்குரிய சிறு முழவொலி, சேமக்கலம், சங்கு, பறை என அடிக்கடி வருவனவற்றை வைத்தல் நலம். இரண்டாம் வரிசையில் நரியின் ஊளை, ஆந்தையின் அலறல், பனையோலையின் சலசலப்பு, காலடியோசை என இடையிடையே வருவன. மூன்றாம் வரிசையில் காற்று, சிதைத்தீயின் வெடிப்பு, மழை என நெடுநேரம் தொடர்ந்து ஒலிப்பன. மேல்வரிசையில் இடியும், இறுதியில் இறைவன் தோன்றும்போது எழும் மணியோசையும். அவை ஒரே முறை வருவன. தவறுதலாக விரல் பட்டுவிடாதபடி எட்டத்திலேயே இருக்க வேண்டியவை. மேல் வலது மூலையை "எல்லாம் நிறுத்து" என்னும் கட்டளைக்கு ஒதுக்கலாம். எந்த நாடகமாயினும், எந்தத் தொகுதியாயினும் அம்மூலை அதற்கேயுரியது என்று ஒருமுறை வகுத்தால், இருட்டிலும் கை அதனைக் கண்டுகொள்ளும்.

இவ்வாறு வைக்காது, பதிந்த வரிசையிலேயே தட்டுகளில் நிரப்பினால் நேர்வது யாது? லோகிதாசனின் உடலைக் கிடத்திச் சந்திரமதி புலம்பும் வேளையில், நரி ஊளையிட வேண்டிய இடத்தில் சேவல் கூவிவிடும். சபை சிரித்துவிட்டால், அந்த மாணவி எவ்வளவு திறம்பட நடித்தாலும் அக்காட்சி மீண்டு வாராது. பல வாரங்கள் பயின்ற பிள்ளையின் உழைப்பு ஒரு விரலின் தவற்றால் வீணாதல் கூடாது.

ஒலியைத் தட்டில் ஏற்றுமுன் செய்யவேண்டிய திருத்தங்கள் மூன்று. முதலாவது, ஒலியின் தலைப்பகுதியிலுள்ள வெறுமையை வெட்டுதல். ஒலிவாங்கியைத் திறந்ததற்கும் கோல் தோலில் பட்டதற்கும் இடையே சிறு மௌனம் இருக்கும். அதனை வெட்டாவிடின் தட்டைத் தொட்டபின் ஒலி தாமதித்தே எழும். விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு தாமதித்தாலும் தாளக்காரரின் செவி அதனை உணர்ந்துவிடும். இரண்டாவது, ஒலியளவை ஒப்பாக்குதல். ஆந்தை மெலிந்தும் சங்கு பிளிறியும் ஒலித்தால் மேடையில் நிற்பவர் ஒரு கையால் தட்டவும் மறுகையால் அளவைத் திருகவும் நேரும். மூன்றாவது, ஒலிக்கும் முறையை முடிவு செய்தல். இடி ஒருமுறை தொட்டால் முடிவுவரை ஒலிக்க வேண்டும். காலடியோசை விரல் அழுந்தியிருக்கும் வரை ஒலிக்க வேண்டும். காற்று மறுமுறை தொடும்வரை சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இம்மூன்று முறைகளுள் எது என்பதையும் ஏட்டில் தட்டின் எண்ணுக்கு எதிரே குறித்து வைத்தல் நன்று.

ஏடு என்னும் சொல் இங்கு மீண்டும் மீண்டும் வருதல் காரணத்தோடுதான். இயந்திரம் ஒலியைக் காக்கும். ஒலியின் வரலாற்றைக் காக்காது. யார் வாசித்தார், எந்த ஊரில், எந்த நாளில், யார் பதிந்தார் என்னும் நான்கையும் மனிதரே எழுத வேண்டும். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தார். அவர் கைகளின் விந்தையை இன்றைய இளைஞர் அறிவதற்கு ஒலிப்பதிவுகளே வழி. ஒரு நாடாவின்மேல் பெயரும் நாளும் எழுதப்பட்டிருந்தால் அது அவர் வாசிப்பு என்று அறியலாம். எழுதப்படாவிடின், கேட்டறிந்த முதியோர் இருக்கும்வரை அறியலாம். அவர்களுக்குப் பின் அது யாரோ ஒருவரின் தவிலாகிவிடும்.

ஊரின் ஒலிகளுக்கும் அவ்வாறே. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், அதன் ஓசையால் நேரம் அறிந்த ஊர்கள் பல இருந்தன. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிச் சேவை நின்றது. 2014இல் மீண்டும் வந்தது. இடையே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை அவ்வொலியைத் தன் ஊரில் கேட்டதில்லை. இன்று பதியப்படும் புகைவண்டியின் ஒலியும் பழைய ஒலியும் ஒன்றல்ல. ஆண்டு குறிக்கப்படாத பதிவிலிருந்து இவ்வேறுபாட்டை எவராலும் காட்ட இயலாது. துலாவின் கிறீச்சொலியும் அத்தகையதே. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் துலாக்கள் அருகிவிட்டன. எஞ்சியவற்றைப் பதிபவர் ஊரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே பதிதல் கடமை.

இறுதியாக, ஒரே பிரதியை நம்பியிருத்தல் ஆகாது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிட்டு, பட்டியலிட்டு, எவரும் எடுத்துப் படிக்கும்படி வைத்துள்ளது. அங்கே ஒரு நூலைப் பெறுவதற்கு அதன் பெயரோ ஆசிரியரோ ஆண்டோ தெரிந்தால் போதும். ஒலி சேர்ப்போரும் அவ்வழியைப் பின்பற்றுதல் தகும். கருவியில் ஒரு பிரதி, வீட்டுக் கணினியில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் அல்லது வேறோர் ஊரில் ஒரு பிரதி என மூன்று இருத்தல் வேண்டும். ஒலிப்பட்டியலும் அம்மூன்றிடத்தும் உடனிருத்தல் வேண்டும். பட்டியலில்லாத பிரதி பாதிப் பிரதியே.

இவ்வேலைக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு பாடசாலையின் சங்கீத ஆசிரியரும் பத்து மாணவரும் ஒரு தவணைக்காலத்தில் தங்கள் ஊரின் ஐம்பது ஒலிகளைப் பதியலாம். ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான பெயரும், ஊரும், நாளும், வாசித்தவரின் இசைவோடு அவர் பெயரும் எழுதலாம். அடுத்த ஆண்டு வேறு மாணவர் வந்து, முன்னவரைக் காணாமலே, அவர் வைத்த ஒலியை வைத்த இடத்திலேயே எடுத்துத் தம் நாடகத்துக்குப் பயன்படுத்துவாராயின் அவ்வொழுங்கு வெற்றி பெற்றதாகும். வைத்தவர் கடல் கடந்து சென்றிருக்கலாம், வாசித்தவர் மறைந்திருக்கலாம். பெயரும் இடமும் சரியாயிருந்தால் தட்டைத் தொட்டவுடன் தவில் பேசும்.